நம் வானத்தில் விமானத்துக்கு ஐஸ் பிடிக்குமா?

செம்பனைக்காடு
வெள்ளி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறேன், இப்போது விடுமுறையில் வீட்டில் இருக்கிறேன். விமான எஞ்சினின் முன்னால் சுழலும் விசிறித் தகட்டில் நீர்த்துளி மோதினால் என்ன ஆகிறது, அது எப்படி ஐஸாக மாறுகிறது என்பதுதான் என் ஆய்வு.

நேற்றுச் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "இந்த வெயில்ல ஐஸப் படிச்சு என்னப்பா செய்யப் போற?" அவர் பால்மரம் இருந்த காலம் முழுக்கப் பால் வெட்டியவர், இப்போது செம்பனையில் இருக்கிறார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

தரையில் 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். 5 கிலோமீட்டரில் 0 டிகிரி வந்துவிடும். டவுனிலிருந்து எங்கள் லயத்துக்கு மோட்டார் சைக்கிளில் வரும் தூரமும் ஏறக்குறைய அதுதான். அந்த ரோட்டை நிமிர்த்தி நிறுத்தினால் அதன் நுனியில் தண்ணீர் உறையும். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு உச்சியிலேயே சில இரவுகளில் பாறைமேல் உறைபனி படிகிறது. பயணிகள் விமானம் பறப்பது 10, 11 கிலோமீட்டரில். ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் அது இந்த 0 டிகிரிக் கோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

கிந்தா_வேலி
வெள்ளி, இரவு 9.42

தம்பி, ஒரு சந்தேகம். 0 டிகிரியில் தண்ணீர் உறைந்துவிடும் என்றால் மேலே இருக்கும் மேகமெல்லாம் முன்பே ஐஸாக இருக்க வேண்டும். காய்ந்த ஐஸ்தூள் இறக்கையில் பட்டால் தெறித்துப் போகும், ஒட்டாது. அப்புறம் எதற்குப் பயம்?

செம்பனைக்காடு
வெள்ளி, இரவு 10.25

அண்ணே, நான் முதலில் மாட்டிக்கொண்டதும் இதே கேள்வியில்தான். 0 டிகிரி என்பது தண்ணீர் உறையக்கூடிய வெப்பநிலை. உறைந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு அங்கே இல்லை. உறைவதற்கு ஒரு வித்து வேண்டும்: ஒரு தூசு, ஒரு கீறல், முன்பே உறைந்த ஒரு துணுக்கு. வீட்டு ஐஸ்பெட்டியில் வைக்கும் தட்டில் இதெல்லாம் தாராளமாக இருக்கிறது. மேகத்துளி அப்படியில்லை. அதன் விட்டம் 20 மைக்ரான் அளவு, அதாவது தலைமுடியின் பருமனில் கால்பங்கு. 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்றைப் பிரித்தால் இப்படிப் பத்து லட்சம் மேகத்துளிகள் வரும். பத்து லட்சத்துக்கும் தனித்தனியாக வித்து எங்கே கிடைக்கும்? அதனால் பெரும்பாலானவை −10, −15 டிகிரியிலும் தண்ணீராகவே மிதக்கின்றன. மிகச் சுத்தமான சின்னத் துளி ஏறக்குறைய −38 வரைக்கும் தாங்கும். இதை மீக்குளிர் நீர் என்கிறார்கள்.

இந்தத் துளிக்கு வித்தாக வந்து சேர்வது விமானம். மோதிய கணத்தில் உறையத் தொடங்கிவிடும்.

என் ஆய்வில் என்னை மிகவும் இழுத்த இடம் இதற்கு அடுத்தது. துளி முழுதாக உறைந்துவிடாது. உறையும்போது தண்ணீர் தன் உள்ளுறை வெப்பத்தை வெளியே விடும், ஒரு கிராமுக்கு 334 ஜூல். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 80 வரும். ஆக −20 டிகிரியில் இருக்கும் துளி உறையத் தொடங்கினால், 80இல் 20 பங்கு, அதாவது கால்வாசி உறைந்த உடனேயே அது விட்ட சூட்டில் மிச்சமெல்லாம் 0 டிகிரிக்கு ஏறிவிடும். மீதி முக்கால்வாசி இன்னும் தண்ணீர். அந்த வெப்பத்தைக் காற்றும் உலோகமும் எடுத்துக்கொண்டு போனால்தான் அதுவும் உறையும்.

கடுங்குளிரில், சின்னத் துளி, கொஞ்சமாக வந்தால் வெப்பம் சீக்கிரம் போய்விடும். துளி விழுந்த இடத்திலேயே உறைந்து, நடுவில் காற்று சிக்கி, வெள்ளையாகச் சொரசொரவென்று படியும். 0 டிகிரியை ஒட்டி, தண்ணீர் நிறைய வந்தால் உறையாத மிச்சம் பின்னால் வழிந்தோடிக் கண்ணாடி மாதிரி உறையும். சில சமயம் முன் விளிம்பில் மேலொன்று கீழொன்றாகக் கொம்பு முளைக்கும். கூடுதல் குளிர்தான் கூடுதல் ஆபத்து என்று நினைப்போம். விமானத்துக்கு 0 டிகிரியை ஒட்டிய வெப்பநிலைதான் பல நேரங்களில் பெரிய தொல்லை. ஒரு மேற்பரப்பில் வரும் வெப்பம், போகும் வெப்பம் இரண்டையும் வரவு செலவு மாதிரி எழுதி, துளியில் எவ்வளவு உறையும் என்று கணக்கிடும் முறையை 1953இல் மெசிஞ்சர் வெளியிட்டார். இன்றைய கணினி நிரல்கள் பலவற்றுக்கும் அதுதான் அடித்தளம்.

கிந்தா_வேலி
வெள்ளி, இரவு 10.40

கால்வாசிக் கணக்கு நன்றாகப் புரிந்தது. என் மகளுக்கும் காட்டினேன்.

ஹேங்கர்_அக்கா
சனி, காலை 7.15

தம்பி, நான் சுபாங்கில் விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து இப்போதுதான் படித்தேன். நீ எழுதியது சரி. கையால் தொட்டுப் பார்த்தவள் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

சுபாங்கில் ஏடிஆர் 72 ஏறுகிறவர்கள் அதன் இறக்கையின் முன் விளிம்பைப் பாருங்கள், கருப்பாக ஒரு பட்டை ஒட்டியிருக்கும். அது ரப்பர் உறை. உள்ளே காற்றை அடித்தால் பொம்மிக்கொள்ளும், மேலே படிந்த ஐஸ் உடைந்து பறந்துவிடும். ஜெட் விமானம் பெரும்பாலும் எஞ்சினிலிருந்து சூடான காற்றை எடுத்து விளிம்புக்குள் ஓட்டும். போயிங் 787இல் அதற்குப் பதில் மின்சூடு.

ஏன் முன் விளிம்பு மட்டும்? வீட்டுக் காத்தாடியைத் துடைக்கும்போது பார்த்திருப்பீர்கள், தகட்டின் முன் ஓரத்தில்தான் தூசு தடிப்பாகப் பிடித்திருக்கும். காற்று தகட்டுக்கு முன்னால் வந்ததும் ஒதுங்கி மேலும் கீழும் போய்விடும். லேசான துகள் காற்றோடு ஒதுங்கும். கனமானது ஒதுங்க முடியாமல் நேராக வந்து மோதும். மேகத்துளியும் அப்படித்தான். விளிம்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கூடுதலாகப் பிடிக்கும், ஏனென்றால் ஒதுங்கத் துளிக்கு நேரம் கிடைக்காது. அதனால் தடித்த இறக்கைக்கு முன்பே மெல்லிய வால் இறக்கையில் ஐஸ் பிடிக்கலாம். ஏ320 விமானத்தில் இரண்டு முன்கண்ணாடிக்கும் நடுவே ஒரு சின்னக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் ஐஸ் பிடிக்கட்டும் என்றே அதை வைத்திருக்கிறார்கள். விமானி அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

விசிறித் தகட்டின் கதை வேறு. அதற்குச் சூடு கிடையாது, சுழற்சிதான் மருந்து. நடுத்தர ஜெட் எஞ்சினின் விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும். நுனிப்பக்கத்தில் வெளியே இழுக்கும் விசை புவியீர்ப்பைப்போல் 20,000 மடங்குக்கும் மேல். அங்கே ஒட்டிய ஒரு கிராம் ஐஸ், 20 கிலோ அரிசி மூட்டை தொங்குகிற மாதிரி தன்னைத்தானே பிய்த்துக்கொள்ளும். அடிப்பக்கத்தில் இழுப்பு குறைவு, அதனால் ஐஸ் அதிகம் தங்கும். இறங்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் அப்போதுதான் சேரும். ஒரு தகட்டில் உதிர்ந்து எதிர்த்தகட்டில் உதிராவிட்டால் எஞ்சின் ஆடும். விமானி சில விநாடி வேகத்தைக் கூட்டிக் கழற்றிவிடுவார். ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின்கள் சிலவற்றின் மூக்குக் கூம்பு நுனியில் ரப்பர் வைத்திருப்பார்கள். அது அதிர்ந்துகொண்டே இருப்பதால் ஐஸ் தடிக்க முடியாது.

நம் ஊரிலேயே கையால் தொடக்கூடிய ஒன்று உண்டு. நீண்ட பயணம் முடிந்து இறங்கிய விமானத்தின் இறக்கைக்கு அடியில் நின்றால் தலையில் சொட்டும். புதிதாக வருகிற பிள்ளைகள் எரிபொருள் ஒழுகுகிறது என்று பதறுவார்கள். மேலே பல மணி நேரம் குளிர்ந்த எரிபொருள் தொட்டிக்குள் இன்னும் சில்லென்று இருக்க, நம் ஈரக் காற்று அதில் பட்டு வேர்க்கிறது, அவ்வளவுதான். சில நாள் வெள்ளையாகவே பூத்திருக்கும். வெளியே 30 டிகிரி, கை வைத்தால் உறைபனி. நான் முதல்முறை தொட்டபோது அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

இதையே லேசாக நினைத்துவிடக் கூடாது. 1991 டிசம்பர் 27இல் ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-81 விமானத்தின் இறக்கைமேல் இப்படிக் குளிர்ந்த எரிபொருளால் கண்ணாடி ஐஸ் படிந்திருந்தது. கிளம்பியதும் அது பெயர்ந்து, வாலருகே இருந்த இரண்டு எஞ்சினுக்குள்ளும் போய் விசிறியை உடைத்தது. இரண்டும் நின்றுபோயின. விமானத்தை வயலில் இறக்கினார்கள். இருந்த 129 பேரும் பிழைத்தார்கள்.

பழைய_ஸ்டோர்
சனி, காலை 10.05

வணக்கம் பிள்ளைகளே. எனக்கு 71 வயது. தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் 30 வருடம் வேலை பார்த்தவன். மங்கிலிருந்து வரும் பாலை வடிகட்டி, ஆசிட் ஊற்றி, உருளையில் விட்டு, புகைக்கூண்டில் தொங்கவிடும் வரை எல்லாம் செய்திருக்கிறேன். அந்தக் கருப்புப் பட்டை ரப்பர் என்று அக்கா எழுதியதும் நெஞ்சில் ஏதோ ஆகிவிட்டது. அது எந்தக் காலத்திலிருந்து? அப்போது போட்டது மரத்துப் பால் ரப்பரா, செயற்கையா? தெரிந்தால் சொல் தம்பி.

செம்பனைக்காடு
சனி, பகல் 12.30

ஐயா, உங்களுக்காக நேரமெடுத்துத் தேடினேன். அந்த உறையைக் கண்டுபிடித்தவர் வில்லியம் கியர், அமெரிக்காவின் அக்ரோன் நகரத்து குட்ரிச் ரப்பர் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார். 1930களில் தபால் விமானங்களுக்கும் பயணிகள் விமானங்களுக்கும் வந்துவிட்டது. டிசி-3 விமானத்தின் பழைய படங்களில் அந்தக் கருப்பு விளிம்பு தெளிவாகத் தெரியும். செயற்கை ரப்பர் பெரிய அளவில் வந்தது இரண்டாம் உலகப்போரின்போதுதான், அதனால் தொடக்கத்தில் போட்டது மரத்துப் பால். அந்த ஆண்டுகளில் இயற்கை ரப்பரை உலகத்திலேயே அதிகம் கொடுத்தது மலாயா. எந்தப் பட்டைக்கு எந்தத் தோட்டத்துப் பால் போனது என்று யாராலும் சொல்ல முடியாது ஐயா. ஆனால் 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் தொடங்கிய தொழில், அந்த இறக்கை வரைக்கும் போயிருக்கிறது. இப்போது பெரும்பாலும் நியோப்ரீன் போன்ற செயற்கை ரப்பர்.

பழைய_ஸ்டோர்
சனி, பகல் 12.52

போதும் தம்பி. என் அப்பாவும் அந்தக் காலத்தில் வெட்டியவர்தான். பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

ஆண்டு5_ஆசிரியர்
சனி, மாலை 4.20

நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலகாலமாகச் சொல்லிவருகிறோம். எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஆற்றோரம் சேம்பு இலை காடாக வளர்ந்திருக்கிறது. மழைத்துளி அதில் நிற்பதே இல்லை, முத்து மாதிரி உருண்டு ஓடிவிடும். அந்த மாதிரி ஒரு பூச்சை இறக்கையில் பூசிவிட்டால் துளி ஒட்டாது, ஐஸும் வராது அல்லவா? சூடும் வேண்டாம், உறையும் வேண்டாம்.

செம்பனைக்காடு
சனி, மாலை 5.45

சார், இந்தத் துறையில் ஆயிரக்கணக்கான பேர் துரத்திக்கொண்டிருப்பதே இந்தக் கேள்வியைத்தான். இலையின்மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின்மேல் மெழுகும் இருக்கின்றன. துளி மேட்டு நுனிகளில் மட்டும் நிற்கும், அடியில் காற்று. இதை 1997இல் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் விளக்கமாக எழுதியபின் தாமரை விளைவு என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இப்படிப்பட்ட பரப்பில் 2 மில்லிமீட்டர் துளி விழுந்தால் முதலில் தோசை மாவு மாதிரி விரியும், ஓரத்தில் வரம்பு கட்டும், பிறகு பரப்பு இழுவிசை அதைத் திரும்பச் சுருக்கிப் பந்துபோல எழுப்பிவிடும். எல்லாம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள். உறைவதற்குள் துளி எழுந்து போய்விட்டால் நாம் ஜெயித்தோம். 2013இல் எம்ஐடியில் வாரணாசி குழுவினர் பரப்பில் மெல்லிய வரப்பு ஒன்றை வைத்துக் காட்டினார்கள். விரிந்த துளி வரப்பில் இரண்டாகப் பிரிந்து இன்னும் சீக்கிரம் எழுந்துவிடுகிறது. வண்ணத்துப்பூச்சிச் சிறகின் நரம்பும் அப்படித்தான் செய்கிறது.

நம் கேமரன் மலையில் இருக்கும் பெரியோக் கெரா என்ற குடுவைச் செடியும் இதில் உண்டு. எறும்பு அதன் வாயில் கால் வைத்ததும் வழுக்கி உள்ளே விழும், அங்கே ஒரு நீர்ப்படலம் தேங்கியிருப்பதால். 2011இல் ஹார்வர்டில் அதைப் பார்த்து, துளைத்துளையான பரப்பில் எண்ணெயை ஊறவைத்து ஒரு வழுக்குப் பரப்பு செய்தார்கள். அதில் ஐஸ் பிடித்தாலும் லேசாகத் தள்ளினால் கழன்றுவிடுகிறது. நாளாக நாளாக எண்ணெய் தீர்ந்துபோவதுதான் அதன் குறை.

ஹேங்கர்_அக்கா
சனி, இரவு 8.30

சார் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் பூச்சு விஷயத்தில் நான் தம்பி அளவுக்கு நம்பிக்கை வைக்கவில்லை.

ஆய்வகத்தில் துளியை 1 மீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். விழும்போது வேகம் விநாடிக்கு 4.4 மீட்டர். ஏறும் விமானம் 80 மீட்டர் வேகத்திலேயே துளியைச் சந்திக்கிறது, மோதும் ஆற்றல் 300 மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில் மழைத்துளி பட்ட கணத்தில் உண்டாகும் அழுத்தம் ஆயிரம் வளிமண்டலத்தைத் தாண்டும். அது ஒரு சின்னச் சுத்தியல். சாயம் உரியும், பிசின் குழியும். நாரும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளில் செய்த விசிறித் தகட்டின் முன் விளிம்பில் டைட்டானியம் கவசம் போடுவதற்கு இந்த மோதல்களும் ஒரு காரணம். அப்படியிருக்க, மைக்ரான் அளவு மேடு எத்தனை மழையைத் தாங்கும்? போதாததற்கு நம் ஊர்ப் பூச்சியும் தூசும் விளிம்பில் அப்பிக்கிடக்கும்.

செம்பனைக்காடு
சனி, இரவு 9.15

மறுக்க முடியாது அக்கா. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் துளி விழும் முன்பே அந்த மேடுகளுக்கு நடுவில் உறைபனி முளைத்துவிடும். அப்புறம் விழும் துளி அதைப் பற்றிக்கொள்ளும். எந்த மேடு துளியைத் தூக்கி நிறுத்தியதோ அதே மேடு ஐஸுக்கு ஆணி அடித்த மாதிரி ஆகிவிடும், வழவழப்பான தகட்டைவிட மோசம். அதனால் இப்போது பலர் பூச்சையும் சூட்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்: விளிம்பில் கொஞ்சம் சூடு, பின்னால் வழியும் தண்ணீரை உருட்டிவிடப் பூச்சு. சூட்டுக்குச் செலவாகும் சக்தி குறைந்தாலே பெரிய லாபம். நான் நம்புவது இந்த வழியைத்தான்.

கிந்தா_வேலி
சனி, இரவு 10.02

இதெல்லாம் சரி. 2014 டிசம்பரில் சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் விழுந்ததே, அது ஐஸால்தானே? அப்போது செய்தியில் அப்படித்தான் வந்தது.

ஹேங்கர்_அக்கா
சனி, இரவு 11.20

இல்லை அண்ணே. இதை ஒவ்வொரு இடத்திலும் திருத்திக்கொண்டே இருக்கிறேன், இங்கும் திருத்துகிறேன். 162 பேர் போன விஷயம். விபத்து நடந்த சில நாள்களில் இந்தோனேசிய வானிலைத் துறை ஐஸ் காரணமாக இருக்கலாம் என்றது. அதுதான் எல்லோர் மனதிலும் தங்கிவிட்டது. ஓராண்டு கழித்து, 2015 டிசம்பரில் வந்த விசாரணை அறிக்கை வேறு சொன்னது. வால் திருப்பியின் அசைவைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில் ஈயப்பற்று விரிசல். அது திரும்பத் திரும்ப எச்சரிக்கை கொடுத்தது. அதைச் சரிசெய்யப் போன வழியில் தானியங்கி ஓட்டம் விலகியது, விமானம் தூக்குவிசை இழந்தது. வானிலையை அந்த அறிக்கை காரணமாகச் சொல்லவில்லை.

ஐஸ் சம்பந்தப்பட்டது ஏர் பிரான்ஸ் 447. 2009 ஜூன் 1, அட்லாண்டிக்கில் நிலநடுக்கோட்டுப் பக்கம், 228 பேர். வேகம் அளக்கும் குழாய்களை ஐஸ் படிகம் அடைத்தது. அடைத்திருந்தது ஒரு நிமிடத்துக்குள்தான், ஆனால் அதற்குள் தானியங்கி ஓட்டம் விலகிவிட்டது. அதன்பின் விமானிகள் விமானத்தைத் தூக்குவிசை இழக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நம் வட்டாரத்துக்கு உண்மையான ஆபத்து இந்தப் படிகம்தான். நீங்கள் முதல் நாள் கேட்டது நினைவிருக்கிறதா, காய்ந்த ஐஸ்தூள் ஒட்டாதே என்று? இறக்கையில் ஒட்டாது, சரி. குளிர்ந்த விசிறித் தகட்டிலும் ஒட்டாது, தெறித்து உள்ளே போகும். உள்ளே காற்றை நெருக்கும் அமுக்கியில் காற்று சூடாக இருக்கும். அங்கே பாதி உருகி, நிலையாக நிற்கும் தகடுகளை நனைக்கும். அந்த ஈரத்தில் அடுத்த படிகம் ஒட்டும். ஒட்டி ஒட்டி உலோகத்தை 0 டிகிரிக்கு இறக்கிவிட்டால், எஞ்சினின் சூடான வயிற்றுக்குள்ளேயே ஐஸ் வளரும். பெயர்ந்து போனால் தகடு சேதமாகும், சில சமயம் எஞ்சின் அணையும். 1990 முதல் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட எஞ்சின் சம்பவங்கள் நடந்திருப்பதாக 2006இல் வந்த ஆய்வு ஒன்று தொகுத்தது. அவற்றில் நிறைய நம் ஆசியப் பக்கத்தில். பெரிய இடிமேகம் ஈரத்தை 10 கிலோமீட்டருக்கும் மேலே தூக்கி எறிகிற இடம் இது.

இன்னொரு சிக்கல், சின்னப் படிகம் ராடாரில் மங்கலாகத்தான் தெரியும். இறக்கை சுத்தமாக இருக்கும், ஐஸ் எச்சரிக்கையும் வராது. வெளியே −40 டிகிரி, ஆனால் முன்கண்ணாடியில் மழை மாதிரிச் சத்தம். வெப்பமானி பொய்யாக 0 காட்டும். அனுபவப்பட்டவர்கள் அதை வைத்துத்தான் கண்டுகொள்வார்கள். 2013இல் ஜென்எக்ஸ் எஞ்சின் போட்ட 747-8, 787 விமானங்கள் பெரிய இடிமேகத்திலிருந்து 50 கடல் மைல் தள்ளிப் போக வேண்டும் என்று உத்தரவு வந்ததும் இதனால்தான். பிறகு எஞ்சினின் மென்பொருளை மாற்றி, சேர்கிற ஐஸை வெளியே தள்ள வழி செய்தார்கள்.

கிந்தா_வேலி
சனி, இரவு 11.48

இத்தனை வருடம் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்தியதற்கு நன்றி தங்கச்சி. மாலையில் நம் பக்கம் எழும்பும் அந்தக் கருமேகத்தை இனி அப்படிச் சும்மா பார்க்க முடியாது.

பழைய_ஸ்டோர்
ஞாயிறு, காலை 6.40

தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்த ரப்பர் பட்டை இருந்தும் விழுந்த விமானம் உண்டா?

செம்பனைக்காடு
ஞாயிறு, காலை 9.30

உண்டு ஐயா. 1994 அக்டோபர் 31, அமெரிக்காவில் ரோஸ்லான் என்ற ஊர் அருகே. ஏடிஆர் 72, 68 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. தரையிறங்க அனுமதிக்காகக் காத்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. அங்கே இருந்தது 20 மைக்ரான் மேகத்துளி அல்ல, அதைவிடப் பல மடங்கு பெரிய மீக்குளிர்த் தூறல். பெரிய துளி காற்றோடு ஒதுங்காமல் வந்து, பட்டைக்குப் பின்னாலும் மோதி உறைந்தது. பட்டை தன் வேலையைச் செய்தது, அதற்கு அப்பால் வளர்ந்த ஐஸ் வரப்பை அதனால் தொட முடியவில்லை. அந்த வரப்பு இறக்கை நுனித் திருப்பியைத் தானாகவே இழுத்துவிட்டது. அதுவரை சான்றிதழ் விதிகள் 50 மைக்ரான் வரைக்குமான துளிகளையே கணக்கில் எடுத்திருந்தன. பெரிய துளியையும் படிகத்தையும் அமெரிக்க விதிகளில் சேர்க்க 2014 ஆகிவிட்டது. இருபது வருடம்.

என் ஆய்வு இந்தப் பெரிய துளியைப் பற்றித்தான். அது மோதும்போது எல்லாம் ஒட்டாது, ஒரு பகுதி தெறிக்கும். தெறித்த பொடித்துளி காற்றில் போய்ப் பின்னால் வேறெங்கோ மறுபடி விழும். எவ்வளவு ஒட்டியது, எவ்வளவு போனது, போனது எங்கே விழுந்தது என்று தெரியாவிட்டால் பட்டையை எதுவரை ஒட்டுவது என்று சொல்ல முடியாது. சுழலும் தகட்டில் இன்னும் கடினம், மோதிய தண்ணீர் நுனியை நோக்கியும் ஓடும்.

ஆண்டு5_ஆசிரியர்
ஞாயிறு, மாலை 6.10

இன்று பிள்ளைகள் ஆறு பேரை வீட்டுக்கு வரச்சொல்லிச் செய்து பார்த்தோம். ஒரு அலுமினியத் தகடு வெறுமையாக. இன்னொன்றை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிப் புகைக்கரி படிய வைத்தோம், சேம்பு இலையைவிட நன்றாகவே துளியை உருட்டியது. இரண்டையும் ஐஸ்பெட்டியில் அரை மணி வைத்து எடுத்தோம். எடுத்த உடனே சொட்டுவிட்டபோது கரித்தகட்டில் துளி துள்ளி ஓடியது, வெறுந்தகட்டில் ஒட்டி உறைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுபடி உள்ளே வைத்து எடுத்து, இந்த முறை இரண்டு நிமிடம் மேசைமேல் விட்டோம். நம் ஈரக் காற்றில் கரிமேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. சொட்டுவிட்டோம். ஒட்டிக்கொண்டது. தகட்டைக் கவிழ்த்தும் விழவில்லை.

ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "சார், தகடு சுத்திக்கிட்டே இருந்தா பூக்குமா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

செம்பனைக்காடு
ஞாயிறு, மாலை 6.35

சார், சுற்றினாலும் பூக்கும், ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு வேகமாக என்பது மாறும். அதைக் கையால் பார்க்கலாம். வீட்டில் பழைய மேசைக் காத்தாடி மோட்டார் ஒன்று கிடக்கிறது. அப்பா அதற்குத் தகரத்தில் இரண்டு தகடு வெட்டித் தருகிறேன் என்கிறார், கூண்டையும் விடாமல் மாட்டிவிடுவோம். சனிக்கிழமை காலை அந்தப் பிள்ளையையும் வரச்சொல்லுங்கள். ஐஸ் மட்டும் நீங்கள் பாசாரில் ஒரு மூட்டை வாங்கி வந்துவிடுங்கள், எங்கள் ஐஸ்பெட்டி சின்னது.